பழைய கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ராம் போதும்?

கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது என்று கடையில் சொன்னால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். ஒன்று, "ராம் போட்டு விடலாம் சார்." இன்னொன்று, "இது பழைய மாடல், புதிதாகவே வாங்கி விடுங்கள்." எதற்கும் தலையாட்டும் முன், வீட்டில் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதித்துப் பாருங்கள்.

இன்டெல் எச்61 மதர்போர்டும் இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 பிராசசரும் கொண்ட, 2011, 2012ல் வாங்கிய கம்ப்யூட்டரை எடுத்துக் கொள்வோம். பிள்ளைகளின் படிப்புக்கு இன்றும் இதையே நம்பியிருக்கும் வீடுகள் உண்டு.

வழக்கமாகப் பயன்படுத்தும் புரோகிராம்களைத் திறந்து வைத்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு நின்றால் ராம் சேர்க்கலாம். ராம் போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியை மெமரி போலப் பயன்படுத்துவதால், டிஸ்க்கும் சேர்ந்து திணறும். மெமரி பாதி காலியாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், அந்தப் பணத்தில் சிறிய எஸ்எஸ்டி வாங்குவதே மேல். 32 பிட் விண்டோஸ் என்றால், 4 ஜிபிக்கு மேல் போடும் ராம் பயன்படாது.

எச்61 சிப்செட் 16 ஜிபி வரை ஏற்கும். ஆனால் பிரவுசர், வேர்டு, ஆன்லைன் வகுப்பு ஆகியவற்றுக்கு 8 ஜிபி போதும் என்பதே என் கருத்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் பிராசசர் பட்டியலில் இது இல்லை. எவ்வளவு ராம் போட்டாலும் அது மாறாது. லினக்ஸ் மின்ட் என்றால் 4 ஜிபியிலேயே நன்றாக இயங்கும்.

ஏஐ சர்வர்களின் தேவையால் 2025 கடைசியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. இந்த வயதுக் கம்ப்யூட்டருக்குப் புதிய ராம் தேவையில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில், பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய ராமைக் கேட்டுப் பாருங்கள். ராமில் தேய்ந்து போகும் அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

1. டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3 தானா என்று பாருங்கள். டிடிஆர்2, டிடிஆர்4 ராம்களில் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஸ்லாட்டில் பொருந்தாது.

2. "ஏஎம்டி மட்டும்" என்று விற்கப்படும் மலிவு ராமை இன்டெல் போர்டுக்கு வாங்காதீர்கள்.

3. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டில் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்து விடுங்கள். கெட்டுப்போன ராம் கம்ப்யூட்டரை நிறுத்துவதோடு விடாது. சேமித்து வைக்கும் பைல்களையும் சத்தமில்லாமல் கெடுத்து விடும்.

அப்படியும் கம்ப்யூட்டர் திணறினால், மேலும் ராம் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை அடுத்த கம்ப்யூட்டருக்காக எடுத்து வையுங்கள்.