சர்வரை மாற்றும் முன் ஒத்திகைக்குப் பணம் ஒதுக்குங்கள்

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் சில ஆஸ்பத்திரிகள், அரிசி ஆலைகள், அடகுக் கடைகளின் சர்வரையும் டேட்டாபேஸையும் பார்த்துக்கொள்வது என் தொழில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து முதலாளிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ஓ.எஸ். மட்டும் மாத்திக் குடுங்க சார், உள்ள இருக்கறதத் தொடாதீங்க.”

அப்படி மாற்ற வழி இல்லை. ஓ.எஸ்., டேட்டாபேஸ், அதன் மேல் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர் மூன்றும் ஒன்றின் வெர்ஷனை நம்பி இன்னொன்று நிற்பவை. ஆகவே நிஜ சர்வரில் கை வைக்கும் முன், அதே டேட்டாவின் நகலை வேறொரு மெஷினில் ஏற்றி ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். அந்த ஒத்திகையை வீண் செலவு என்று கோட்டேஷனில் அடித்துவிடும் வழக்கம்தான் என்னை எழுத வைக்கிறது.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. ரெட் ஹேட் லினக்ஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்ததால், வேறொரு ஏஜென்சி அவர்களை 8-க்கு மாற்றிக் கொடுத்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை யாரும் தொடவில்லை. எர்ரர் எதுவும் வரவில்லை, எல்லாம் ஓடியது. சில நாளில் ரிசப்ஷனில் இருந்த பெண் கவனித்துச் சொன்னார்: சில பழைய நோயாளிகளின் எண்ணை அடித்தால் “பதிவு இல்லை” என்று வருகிறது, முழுப் பட்டியலை ஓட்டிப் பார்த்தால் அதே பெயர் இருக்கிறது.

நடந்தது இதுதான். லினக்ஸின் அடித்தள நூலகமான ஜி-லிப்-சி, தன் 2.28-ஆம் வெர்ஷனில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. பழைய விதியில் 11 முதலில் வரும், பிறகு 1-1. புதிய விதியில் 1-1 முதலில், பிறகு 11. டேட்டாபேஸின் இண்டெக்ஸ், புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்றது. அது பழைய வரிசையில் எழுதப்பட்டிருந்தது, புதிய ஓ.எஸ். புதிய வரிசையில் தேடியது. அந்த ஆஸ்பத்திரியின் பழைய எண்களில் நடுக்கோடு கிடையாது, பிந்தைய எண்களில் உண்டு. இரண்டும் கலந்த இடத்தில் தேடல் வழி தவறியது. பதிவு இல்லை என்று நம்பி, ஒரே ஆளுக்கு இரண்டாவது ஃபைல் போட்டிருந்தார்கள். பழைய ஃபைலில் மருந்து ஒவ்வாமைக் குறிப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எல்லா இண்டெக்ஸையும் திரும்பக் கட்டினால் தேடல் சரியாகிவிடும். மாற்றிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஆரக்கிள் டேட்டாபேஸில் கதை வேறு. 19சி-க்கு நேராக ஏற, பழைய 11ஜி வெர்ஷன்களில் 11.2.0.4-க்கு மட்டுமே அனுமதி. 11.2.0.3-இல் இருப்பவர் முதலில் அந்தப் படிக்கு வந்தாக வேண்டும். ஏறிய பிறகும் கவுண்ட்டரில் பழைய 10ஜி கிளையன்ட் போட்ட கம்ப்யூட்டர் இருந்தால், “ஓ.ஆர்.ஏ-28040” என்று காட்டி சர்வர் உள்ளே விடாது. சர்வர் அறையில் எல்லாம் பச்சை விளக்கு. வெளியே பில் போட முடியாமல் வரிசை.

பெரிய இடங்களும் தப்பவில்லை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டுமே சுமை சோதனை செய்திருந்தார்கள். 2022 டிசம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு.

நம் ஊருக்கு ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியபோது, ஒரு ஆலையின் சர்வர் தண்ணீரில் போனது. பேக்கப் பத்திரமாக இருந்தது. மாடியில் கிடந்த பழைய மெஷினில் ஏற்றப் பார்த்தோம். அதில் இருந்தது எஸ்.க்யூ.எல். சர்வர் 2012, பேக்கப் எடுத்தது 2016 வெர்ஷனில். புதிய வெர்ஷனில் எடுத்ததைப் பழைய வெர்ஷன் ஏற்காது. கையில் டேட்டா இருந்தும் நெல் கொடுத்தவர்களுக்குக் கணக்கு முடிக்க முடியவில்லை. மாடியில் இருந்த மெஷினையும் அதே வெர்ஷனுக்கு உயர்த்தி, ஒரு முறை ஏற்றிப் பார்த்திருந்தால் போதுமே!

அரசு அலுவலகங்களுக்கும் இதையே சொல்வேன். பத்திரப் பதிவுக்காக மரக்காணம் பக்கத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம் “சர்வர் டவுன்” என்று சொல்வது எளிது. காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கலாம். கூலி போவது அவருக்குத்தான். டெண்டரில் இரண்டு நிபந்தனைகள் சேருங்கள். எந்த ஓ.எஸ்.ஸில் எந்த டேட்டாபேஸ் வெர்ஷன், எந்தத் தேதி வரை ஆதரவு என்பதை சாஃப்ட்வேர் கொடுப்பவர் எழுத்தில் தர வேண்டும். நகலில் ஒத்திகை நடந்து, கவுண்ட்டரில் தினமும் உட்காருபவர் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே பில்லுக்குப் பணம். தனியார் முதலாளிகளும் இதே இரண்டைக் கேட்கலாம்; யாரும் தடுக்கப் போவதில்லை.

எஸ்.க்யூ.எல். சர்வர் 2016-க்கான ஆதரவு 2026 ஜூலை 14-இல் முடிகிறது. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12. இரண்டும் ஒரே பெட்டியில் ஓடும் இடங்கள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருக்கின்றன. அவர்களுடைய அடுத்த பட்ஜெட்டில் ஒத்திகை மெஷினுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று இப்போதே பார்க்கட்டும்.