பல் விழுந்தால் வயதின் மேல் பழியா?

"வயசாச்சு சார், பல்லு ஆடத்தானே செய்யும்!" எங்கள் நெமிலிச்சேரியில் என் வயதுக்காரர்கள் பலரும் சொல்வது இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நரைப்பது வயதால். பல் ஆடுவது பெரும்பாலும் ஈறு நோயால். அது கிருமிகள் செய்யும் வேலை.

பல்லில் படியும் வழுவழுப்பான படலத்தில் பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்கின்றன. 1683-லேயே ஹாலந்து நாட்டு லீவன்ஹுக், தன் பல் அழுக்கை உருப்பெருக்கியில் வைத்து அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். சுத்தம் செய்யாமல் விட்ட படலம் காரையாக இறுகும். ஈறு பல்லை விட்டு விலகி இடைவெளி விழும். 3 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் ஆழமானால் காற்றுப் புகாத அந்த இடுக்கில் 'பொர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்' போன்ற கிருமிகள் செழித்து வளரும். பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். பெரும்பாலும் வலி இருக்காது. அதுதான் ஆபத்து.

பாக்டீரியா மட்டுமல்ல, காண்டிடா என்ற ஈஸ்டும் சில நேரம் அங்கே குடியேறுகிறது. இட்லி மாவில் பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்து இருப்பது போலத்தான். மாவில் நமக்கு லாபம், வாயில் நஷ்டம். ஈஸ்ட் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், காற்று ஆகாத பாக்டீரியாக்களுக்கு வசதியாகிவிடுகிறது என்பது ஆய்வகத்தில் கண்ட உண்மை.

அதனால்தான் சொல்கிறேன், ஈறு வீங்கினால் மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. படலத்துக்குள் ஒளிந்த கிருமியிடம் மாத்திரை எளிதில் எடுபடாது. ஈஸ்டை அது கொல்லவே கொல்லாது; போட்டிக்கிருந்த பாக்டீரியா குறைந்தால் ஈஸ்ட் பெருகவும் கூடும். தேவைப்பட்டால் டாக்டரே எழுதித் தருவார்.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இறுகிய காரையைக் குச்சியும் எடுக்காது, பிரஷ்ஷும் எடுக்காது. பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். "கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்பது வீண் பயம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் பார்க்கும் நாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயையும் காட்டினால் என்ன?

செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, சென்னைக் கோட்டை ரயில் நிலையம் பக்கம்தான். நமக்கு மின்சார ரயில் இருக்கிறது.

பல் செட் போட்டவர்கள் இரவில் கழற்றி, கழுவி, தண்ணீரில் போடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் உடனே வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இரண்டும் ஈஸ்டுக்கு இடம் தராமல் இருக்கத்தான்.

முறுக்கு கடிக்கும் சுகத்தை வயது பறிக்கவில்லை. அலட்சியம்தான் பறிக்கிறது.