கண்ணைப் படிக்கும் ஏஐ: 97.5 சதவீதம் மதுரைக்கு வந்தபோது என்ன ஆனது?

சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கும்போது வலிக்காது. பார்வையும் உடனே மங்காது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வீங்கும், கசியும், சில இடங்களில் அடைத்துக்கொள்ளும். அந்த நபரோ பாட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டும் போன் பார்த்துக்கொண்டும் இருப்பார். ‘கொஞ்சம் மங்கலா தெரியுது’ என்று அவர் டாக்டரிடம் போகும் நாளில் பாதிப்பு நன்றாகவே முற்றியிருக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் லேசர், ஊசி மருந்து என்று பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு. அதனால்தான், கண்ணில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், சுகர் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

சொல்வது சுலபம். கணக்குதான் இடிக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். ஆளுக்கு இரண்டு கண் என்றால் ஆண்டுக்கு 20 கோடிப் படங்கள். அவற்றை உட்கார்ந்து பார்க்க அத்தனை கண் மருத்துவர்கள் எங்கே?

மெஷின் லேர்னிங் உள்ளே நுழைந்தது இந்த இடத்தில்தான். டேட்டா சயின்ஸ் படிக்கும் பலருக்கு இது அறிமுகமான விஷயம். 2015-ல் கேகிள் தளத்தில் விழித்திரைப் படங்களை வைத்து ஒரு லட்சம் டாலர் பரிசுப் போட்டியே நடந்தது. அந்தப் படங்களை டவுன்லோடு செய்து ஒரு மாடலைப் பழக்கி, ‘ஆக்யுரசி இவ்வளவு’ என்று ரெஸ்யூமில் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் கண்ணைக் காப்பாற்ற முடியுமா? கடந்த பத்தாண்டு அனுபவம் சொல்லும் பதில் கொஞ்சம் நீளமானது.

54 டாக்டர்கள், 1.28 லட்சம் படங்கள்

2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட மாடல் அது. படங்கள் அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை.

படம் மட்டும் இருந்தால் இயந்திரம் எதையும் கற்காது. ஒவ்வொரு படத்திலும் நோய் இருக்கிறதா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்காக 54 கண் மருத்துவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரே படத்தை 3 முதல் 7 பேர் வரை பார்த்தார்கள். ஏன் அத்தனை பேர்? ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு டாக்டர்கள் ஒரே பதிலைச் சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒருவருக்கு ‘லேசான பாதிப்பு’ என்று படுவது இன்னொருவருக்கு ‘மிதமான பாதிப்பு’. ‘சரியான விடை’ என்று இயந்திரத்துக்கு ஊட்டப்படுவதே மனிதர்களின் பெரும்பான்மைக் கருத்துதான். 2018-ல் இதே குழு இன்னொன்றையும் காட்டியது: கருத்து வேறுபாடு வரும் படங்களை மூன்று விழித்திரை நிபுணர்கள் விவாதித்து முடிவெடுத்தால், அந்த விடைகளால் மாடலும் மேம்படுகிறது. கோடிங் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த விடையெழுதும் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உண்மையில் பாதி ஆராய்ச்சி அங்கேதான் இருக்கிறது.

சரி, ரிசல்ட்? அமெரிக்காவில் திரட்டிய சோதனைப் படங்களில், மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் இருப்பவர்களை 97.5 சதவீதம் பிடித்தது. இல்லாதவர்களை ‘இல்லை’ என்று 93.4 சதவீதம் சரியாகச் சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்த எண்கள் இவை.

1,000 பேரை வைத்து ஒரு கணக்கு

இந்த எண்களின் பொருள் என்ன என்று ஒரு முகாமை வைத்துப் பார்க்கலாம். சுகர் உள்ள 1,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 80 பேருக்கு உண்மையிலேயே கவனிக்க வேண்டிய பாதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இயந்திரம் 78 பேரைப் பிடித்துவிடும். 2 பேர் தப்பிவிடுவார்கள். பிரமாதம்! ஆனால் மீதி 920 பேரில் 61 பேருக்கும் அது ‘நோய் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று தவறாகச் சொல்லும். மொத்தம் 139 பேர் கையில் சீட்டு. அதில் 61 பேருக்கு அது தேவையே இல்லை. ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய், ‘ஒண்ணும் இல்லையே’ என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், படத்தையே பார்க்காமல் எல்லோருக்கும் ‘நார்மல்’ என்று அச்சடித்துத் தரும் இயந்திரத்துக்குக்கூட இந்த முகாமில் ஆக்யுரசி 92 சதவீதம் வரும். அந்த 80 பேரில் ஒருவரைக்கூட அது பிடிக்காது. மொட்டையாக ‘ஆக்யுரசி எவ்வளவு?’ என்று மட்டும் கேட்பவரை ஏமாற்றுவது அவ்வளவு எளிது.

மதுரையிலும் சென்னையிலும்

ஏற்கெனவே எடுத்து வைத்த படங்களில் சோதிப்பது ஒன்று. மருத்துவமனைக்கு நடந்து வரும் நோயாளிகளிடம் சோதிப்பது வேறு. அந்த இரண்டாவது சோதனை மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நடந்து, 2019-ல் முடிவுகள் வெளியாயின. பங்கேற்றவர்கள் 3,049 பேர். நோய் உள்ளவர்களைப் பிடிக்கும் திறன் அரவிந்தில் 88.9 சதவீதம், சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதம்.

97.5 எங்கே, 88.9 எங்கே! மேலே சொன்ன முகாமில் தப்பிப்போகிறவர்கள் 2 பேர் இல்லை, சுமார் 9 பேர் என்றாகிறது. நோயாளிகள் வேறு, ‘சரியான விடை’யை முடிவுசெய்த முறையும் வேறு என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தாளில் இருக்கும் எண் அப்படியே வாசலுக்கு வந்துவிடாது என்பது தெளிவு.

அதற்காக ‘ஏஐ தோற்றுவிட்டது’ என்று தலைப்புப் போட்டுவிடவும் கூடாது. அதே ஆய்வில், அதே நோயாளிகளின் படங்களைப் பார்த்த மனிதர்களின் திறன் 73.4 முதல் 89.8 சதவீதம் வரை இருந்தது. அதாவது 80 பேரில் 59 முதல் 72 பேர் வரை. இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டியது தவறே செய்யாத ஒரு கற்பனை டாக்டரோடு இல்லை. இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிஜமான மனிதரோடு. இந்த நியாயத்தை விமர்சகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

விளக்கை அணைக்க முடியாத அறை

இதைவிடப் பெரிய பாடம் தாய்லாந்திலிருந்து வந்தது. பதும்தானி, சியாங்மாய் மாகாணங்களின் 11 கிளினிக்குகளில் இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை கூகுள் ஆய்வாளர்களே நேரில் போய்ப் பார்த்தார்கள். கேமராவைப் பிடித்திருந்தவர்கள் நர்ஸுகள்.

விழித்திரைப் படம் தெளிவாக வர வேண்டுமென்றால் கண்பாப்பா விரிய வேண்டும்; அதற்கு அறை இருட்டாக இருக்க வேண்டும். 11 கிளினிக்குகளில் இரண்டில்தான் அப்படித் தனி அறை இருந்தது. மற்ற இடங்களில் அதே அறையில் வேறு நோயாளிகளையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கை எப்படி அணைப்பது? விளைவு, எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை ‘தரம் போதாது’ என்று இயந்திரம் திருப்பிவிட்டது. ‘இந்தப் படத்தில் நன்றாகத்தானே தெரிகிறது’ என்று நர்ஸுகள் நினைத்த படங்களும் அதில் உண்டு. படம் தேறாவிட்டால் அந்த நோயாளி வேறு ஊரிலிருக்கும் நிபுணரிடம் போயாக வேண்டும் என்பது அப்போதைய விதி. நோய் இருப்பதால் போகவில்லை, விளக்கு எரிந்ததால் போகிறார்! அந்த அலைச்சலை நினைத்து, ‘இந்தச் சோதனையில் சேர வேண்டாம்’ என்று சில நர்ஸுகளே நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இன்டர்நெட் கதை தனி. படம் கிளவுடுக்குப் போய்த்தான் பதில் வர வேண்டும். ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் இணைப்பு துண்டிக்கப்பட்டதில், அன்று பார்க்க வேண்டிய 200 பேரில் பாதிப் பேரைத்தான் பார்க்க முடிந்தது.

மாடலின் கோடில் ஒரு வரிகூட இங்கே தப்பில்லை என்பதுதான் விஷயம். விளக்கு, வரிசை, வைஃபை, பஸ் கட்டணம் ஆகியவற்றில் எதுவும் அந்த 1.28 லட்சம் படங்களுக்குள் இல்லை.

குறுக்கு வழி கண்டுபிடிக்கும் மாணவன்

சில சமயம் தப்பு மாடலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 2018-ல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் மாடல்களை ஆராய்ந்தது. படங்கள் மூன்று அமெரிக்க மருத்துவ அமைப்புகளிலிருந்து வந்தவை. நுரையீரலைப் பார்க்க வேண்டிய இயந்திரம், படம் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்பதையே 99.9 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்துவிட முடிந்தது. ஒவ்வோர் இடத்திலும் எக்ஸ்ரேயின் ஓரத்தில் வைக்கும் உலோக அடையாளம்கூட அதற்குத் துப்பு. ஒரு மருத்துவமனையில் நிமோனியா விகிதம் 34 சதவீதம், இன்னொன்றில் சுமார் 1 சதவீதம் என்று இருக்கும்போது, ஆஸ்பத்திரி தெரிந்தாலே பாதி விடை தெரிந்த மாதிரிதானே! பாடத்தைப் படிக்காமல், கேள்வித்தாள் எந்த வாத்தியார் தயாரித்தது என்று மோப்பம் பிடித்து பாஸாகும் மாணவனைப் போலத்தான் இதுவும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனதும் மதிப்பெண் இறங்கியது.

கரோனா காலத்தில் இது ஊர்வலமாகவே நடந்தது. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் பார்த்து கோவிட் சொல்லும் மாடல்கள் பற்றி 2020-ல் குவிந்த ஆய்வுகளை கேம்பிரிட்ஜ் தலைமையிலான குழு ஒன்று சலித்தது. தரச் சோதனையில் தேறிய 62 கட்டுரைகளில் ஒன்றின் மாடல்கூட மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுதியானதாக இல்லை. சில மாடல்களில், கோவிட் இல்லாதவர்கள் என்று தரப்பட்ட எக்ஸ்ரேக்கள் குழந்தைகளுடையவை. நோயாளிகளோ பெரியவர்கள். இயந்திரம் எதைக் கற்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு எப்படிச் சரியானது?

தாய்லாந்தில் அல்காரிதத்தை மாற்றுவதற்கு முன்னால் விதியை மாற்றினார்கள். இயந்திரம் திருப்பியனுப்பும் படத்துக்காக நோயாளியை உடனே அலையவிடாமல், அந்தப் படத்தையும் அவருடைய மருத்துவக் குறிப்பையும் நிபுணர் ஒருவர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்றார்கள். அந்நாட்டின் 9 ஆரம்ப சுகாதார மையங்களில் 7,900-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அடுத்த ஆய்வு 2022-ல் வெளியானது. நோயாளிகளைப் பிடிப்பதில் இயந்திரம் 91.4 சதவீதம், படங்களை மறுபார்வை செய்த விழித்திரை நிபுணர்கள் 84.8 சதவீதம்.

இந்தியாவிலும் கதை நின்றுவிடவில்லை. அரவிந்த் குழுவினரும் கூகுளும் 45 இடங்களில் 6 லட்சத்துக்கும் அதிகமானோரை இந்த முறையில் பரிசோதித்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டியது இந்த எண்ணிக்கையை மட்டும் இல்லை. இயந்திரம் வேலைக்கு வந்த பிறகும் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், 4,537 பேரின் படங்களைத் தனியே எடுத்து நிபுணர்களை வைத்துத் திருத்தச் சொன்னார்கள். தீவிரப் பாதிப்பு உள்ளவர்களை இயந்திரம் 97 சதவீதம் சரியாகப் பிடித்திருந்தது. 2025-ல் வெளியான இந்த எண், 2016-ன் எண்ணைவிட ரொம்ப மதிப்பு வாய்ந்தது. முகாமுக்கு வந்த மனிதர்களிடமிருந்து கிடைத்தது இது.

இத்தகைய தொடர் கண்காணிப்புக்குப் பணம் வேண்டும், நிபுணர்களின் நேரம் வேண்டும். புதிய மாடல் ஒன்றை அறிமுகப்படுத்தும் விழாவுக்குக் கிடைக்கும் கேமரா வெளிச்சம் இதற்குக் கிடைக்காது. அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஏஐ கருவிகளை வாங்க வரிசையில் நிற்கும் இந்த நேரத்தில், ஒப்பந்தத்திலேயே இது இடம்பெற வேண்டும்: எங்கள் ஊர் நோயாளிகளிடம் சோதித்த முடிவு எங்கே? படம் தேறாவிட்டால் அந்த நோயாளி அன்றைக்கு எங்கே போவார்? இரண்டு ஆண்டு கழித்து இது இன்னும் சரியாக வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பார், அதற்கு யார் செலவு செய்வார்? இந்த மூன்றுக்கும் விற்பவரிடம் எழுத்தில் பதில் இல்லையென்றால், வாங்குகிறவர் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது.