பிக்கப் மாற்ற முதல் பிளக்கைப் பாருங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் எலெக்ட்ரிக் கிற்றார் வாசிக்கிற பிள்ளை இருந்தால் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். கோயில் திருவிழா, தேவாலயப் பாடகர் குழு, பாடசாலை விழா என்று மேடை போடுகிறவர்களும் வாசியுங்கள்.

போன தவணை எங்கள் மாணவன் ஒருவன் கிற்றாரோடு வந்து நின்றான். யாரோ வாசித்து விட்டதை வாங்கியது. தகப்பன் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்.

"சேர், இது ஒரே இரையுது. சத்தமும் தெளிவில்லை. பிக்கப் ரெண்டையும் மாத்தவேணுமாம். மாத்தாட்டி மேடையில ஏத்தமாட்டினமாம்."

"எவ்வளவு முடியுமாம்?"

"ஐம்பதாயிரத்துக்கு மேல சொல்லுகினம் சேர். அம்மா சங்கிலியை அடகு வைக்கிறன் எண்டு நிக்கிறா."

நாங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். கிற்றாரில் ஒரு பாட்டு ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. ஆனால் சங்கிலி அடகுக்குப் போக முதல் கிற்றாரை ஒருக்கால் திறந்து பார்க்கலாம் என்ற அளவுக்குப் புத்தி இருந்தது. ஆய்வுகூட மேசையில் வைத்து, ஸ்குரூ ட்ரைவரும் மல்ரிமீற்றரும் எடுத்தோம்.

கண்டது இவ்வளவுதான். பிரிட்ஜுக்கு வருகிற எர்த் வயர் ஈயம் விட்டுக் கழன்று கிடந்தது. வொலியூம் பொட்டுக்குள் தூசி. கம்பிகள் இரண்டு வருடம் மாற்றாதவை. தொண்டைமானாற்றுப் பக்கத்து உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கறுத்திருந்தன. பிக்கப் இரண்டும் கம்பியில் முட்டுகிற அளவுக்கு உயர்த்தி விடப்பட்டிருந்தன. பிக்கப்பில் ஒரு பழுதும் இல்லை.

வயரைத் திரும்ப ஒட்டினோம். பொட்டுக்கு கொன்டாக்ட் கிளீனர் அடித்தோம். பிக்கப்பைப் பதித்தோம். புதுக் கம்பி ஒரு செட் போட்டோம். அம்மாவின் சங்கிலி இன்னும் கழுத்திலேயே இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் கிற்றாரைத் திறந்துகூடப் பார்க்காமல் "பிக்கப் மாற்று" என்று சொன்னவர்களிடம்தான் எங்களுக்குக் கோபம். அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வாங்கினால் சரியாகும் என்று நம்புகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

பிக்கப் என்பது மந்திரப் பெட்டி இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் அளவு மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின் தூண்டப்படுகிறது. பரடே 1831 இல் கண்ட மின்காந்தத் தூண்டல். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிக்கிற அதே பாடம்.

90களில் கறண்ட் இல்லாத குடாநாட்டில் சைக்கிள் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த வருடங்களில் நாங்கள் புத்தளத்தில் அகதிகளாக இருந்தோம். திரும்பி வந்த பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த டைனமோவும் இந்தப் பிக்கப்பும் ஒரே வம்சம். டைனமோவை வைத்து வானொலி கேட்ட ஊர், ஒரு கிற்றாரின் பின்மூடியைத் திறக்க ஏன் பயப்படுகிறது?

"வெளிநாட்டில இருக்கிற மாமா வாங்கி அனுப்புவார் சேர், காசு எங்கட இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். மாமா குளிருக்குள் இரவு வேலை செய்து உழைத்த காசு அது. பெயர் பெற்ற பிக்கப் ஒரு சோடி நூறு டொலருக்கு மேலே போகும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை மறந்துவிட்டோமா? கழன்ற வயரைப் பாராமல் அந்தக் காசைக் கொட்டினால் புதுப் பிக்கப்பும் அதே இரைச்சலைத்தான் தரும்.

ஆகவே காசை எடுக்க முதல் இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, கம்பி. பழைய கம்பியில் எந்தப் பிக்கப்பும் மழுங்கித்தான் கேட்கும்.

இரண்டாவது, உயரம். கடைசிக் கட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விடுங்கள். தடித்த கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. அதிலிருந்து காது சொல்கிறபடி ஏற்றி இறக்குங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பை மிகக் கிட்டக் கொண்டுபோனால் காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்கும். சுருதி தள்ளாடும், நாதம் நீளாது. இதைத்தான் பலர் "பிக்கப் சரியில்லை" என்கிறார்கள்.

மூன்றாவது, எர்த் வயர். கிற்றாரை அம்பிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையைக் கம்பியிலும் மற்ற முனையை வயர் குத்துகிற ஜாக்கின் வெளி உலோகத்திலும் வையுங்கள். தொடர்பு காட்டாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. ஈயம் ஒட்டத் தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் சரி செய்யலாம்.

நான்காவது, பொட்டும் வயரும். 250 கிலோ ஓம் பொட் கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும், 500 கூட விடும். மலிவான, மிக நீளமான வயரும் கூர்மையைத் தின்னும். இரண்டும் பிக்கப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

"அப்ப பிக்கப் மாத்தவே கூடாதோ சேர்?" என்று அந்தப் பிள்ளையே கேட்டான். நல்ல கேள்வி. மாற்றலாம். என்ன குறைக்காக மாற்றுகிறோம் என்று ஒரு வசனத்தில் சொல்ல முடிந்தால் மாற்றலாம்.

குயீன் குழுவின் பிரையன் மேயை எடுங்கள். 1963 இல் தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே கிற்றார் செய்யத் தொடங்கினார். பிக்கப்பும் தானே செய்தார். ஆனால் கம்பியை வளைத்து வாசிக்கும்போது சத்தம் சீராக வரவில்லை. குறை எது என்று கண்டுகொண்ட பிறகுதான் பேர்ன்ஸ் பிக்கப்புகளை வாங்கிப் போட்டார். அதுதான் மாற்றுகிற முறை.

எங்கள் பக்கத்தில் மண்டலின் ஸ்ரீநிவாஸ் இருந்தார். சோடி சோடியாக எட்டுக் கம்பி உள்ள மண்டலினை விட்டு, ஐந்து தனிக் கம்பி உள்ள எலெக்ட்ரிக் மண்டலினை எடுத்தார். கமகத்துக்கு நாதம் நீண்டு நிற்கவேண்டும். அவருக்கு வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் குறைகளையும் இப்படிப் பெயர் சொல்லிப் பாருங்கள். மல்ரிமீற்றர் வைத்தால் தடையே காட்டவில்லையா? சுருள் அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சத்தத்தைக் கூட்டியதும் விசில் மாதிரிக் கூவுகிறதா? சுருளுக்குள் கம்பி தளர்ந்திருக்கலாம். எர்த் எல்லாம் சரியாக இருந்தும் மேடை லைட்டுகளுக்குப் பக்கத்தில் இரைகிறதா? அது ஒற்றைச் சுருளின் இயல்பு. எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப் புலத்தையும் அது சேர்த்துப் பிடிக்கிறது. இதற்குத்தான் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955 இல் இரட்டைச் சுருள் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டார். சுருள்கள் எதிரெதிராகச் சுற்றியவை, காந்த முனைகளும் எதிரெதிர். கம்பியின் ஒலி கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். அதன் பெயர்தான் ஹம்பக்கர்.

வாங்குவதென்றால் உங்கள் கிற்றாரின் குழி அளவையும் கம்பி இடைவெளியையும் முதலில் அளவுங்கள். "இதுக்கு ஓம் கூட, அதனால பவர் கூட" என்று சொல்கிறவரை நம்பவேண்டாம். அதே சுற்றுகளை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினாலும் ஓம் கூடும். நீங்கள் வாசிப்பது தேவாலயத்தில் தெளிவான கோர்ட்ஸா, கோஷ்டியில் சினிமாப் பாட்டா, ரொக்கா? அதற்கேற்றதை எடுங்கள். பெட்டியில் அச்சடித்த பெயரைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். போலிப் பெட்டியிலும் அந்தப் பெயர் இருக்கும்.

இனித்தான் இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

கிற்றாரைச் சரி செய்த பிறகு அந்தப் பிள்ளை வாசிக்கிற அம்பைக் கொண்டுவரச் சொன்னோம். பிளக்கைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. மூன்று முள்ளில் எர்த் முள் வெட்டப்பட்டிருந்தது. "இரையாமல் இருக்க வெட்டினது சேர்" என்றான் சாதாரணமாக.

உறவுகளே, கிற்றாரின் உலோகக் கம்பிகள் வயர் வழியாக அம்பின் இரும்புச் சட்டத்தோடு தொடுத்திருக்கின்றன. அந்தச் சட்டத்தைப் பிளக்கின் எர்த் முள்தான் நிலத்தோடு இணைக்கிறது. பாடப்புத்தகத்தில் புவித்தொடுப்பு என்று படிக்கிறோமே, அதுதான். அந்த முள்ளை வெட்டிவிட்டு, உள்ளே ஒரு வயர் உரசிச் சட்டத்தில் 230 வோல்ட் ஏறினால், பிள்ளையின் விரல் நுனியில் 230 வோல்ட். அந்த நேரம் உதடு மைக்கில் பட்டால் மின் நெஞ்சு வழியாகப் போகும்.

இது பயங்காட்டுகிற கதை இல்லை. 1972 மே 3 ஆம் திகதி, வேல்ஸின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குறோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்ட இடத்திலேயே மின் தாக்கி இறந்தார். வயது 27. 1976 மே மாதம் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டில் எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிற்றாரை வாசிக்கும்போது இறந்தார். வயது 33. இங்கே எங்கள் மேடைகள் திறந்த வெளியில். கார்த்திகை மழையில் நிலம் ஈரம். பிள்ளைகள் கோயில் வீதியில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். கறண்ட் ஜெனரேற்றரிலிருந்து வருகிறது.

இரைச்சல் போகவேண்டும் என்றால் இரைச்சலின் காரணத்தைத் தேடுங்கள். எர்த் முள்ளை வெட்டுவது, வீட்டில் புகை மணக்கிறது என்று மூக்கைப் பொத்துவது மாதிரி. நெருப்பு எரிந்துகொண்டேயிருக்கும்.

திருவிழா உபயகாரர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். சோடனைக்கும் லைட்டுக்கும் எவ்வளவோ செலவழிக்கிறீர்கள். மேடையில் பிள்ளைகள் ஏற முதல் மூன்று கேள்வி கேளுங்கள். ஜெனரேற்றருக்கு நிலத்தில் எர்த் கம்பி அடித்திருக்கிறதா? ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அமத்திப் பார்த்தீர்களா? எல்லாப் பிளக்கிலும் மூன்று முள்ளும் இருக்கிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் மேடையை நிறுத்துங்கள். பாட்டு அரை மணித்தியாலம் பிந்தினால் ஒன்றும் குறையாது.

அந்தப் பிள்ளையின் அம்புக்குப் புதுப் பிளக் போட்டுக் கொடுத்தோம். எர்த் வயர் ஒட்டிய பிறகு முன்னைய இரைச்சலும் இல்லை. போன கிழமை மேடையில் வாசித்தான். பிக்கப் அதே பழைய பிக்கப்தான். "புதுசு போட்டிட்டியோ தம்பி?" என்று முன்னர் மேடையில் ஏற்றமாட்டோம் என்றவர்களே கேட்டார்களாம்.

உங்கள் பிள்ளையின் கிற்றார் இரைந்தால் காசு கொடுக்க முதல் எங்களிடம் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் நிற்போம். காசு வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும். அம்பையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். முதலில் பிளக்கைத்தான் பார்ப்போம்.

மேடை போடுகிறவர்களுக்கும் சவுண்ட்ஸ்காரருக்கும் இதைப் பகிர்ந்து விடுங்கள்.