சொந்த ஊர் யாருடையது?



பணி ஓய்வை நெருங்கும் சகோதரர்கள் பலர், "ஐயா, சென்னை போதும், நாசரேத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. கர்த்தரும் அப்படியே நடத்துகிறார்" என்கிறார்கள். அருகில் நிற்கும் சகோதரி ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தன் பிதாக்களின் தேசத்துக்குத் திரும்பும்படி கர்த்தரே யாக்கோபுக்குக் கட்டளையிட்டிருந்தார். ஆயினும் அவன் உடனே புறப்படவில்லை. ராகேலையும் லேயாளையும் மந்தை மேய்ந்த வெளிக்கு அழைப்பித்து (லாபானின் காதுக்கு எட்டாத இடம் போலும்), எல்லாவற்றையும் விவரித்தான். அவர்களும் தகப்பன் வீட்டில் தங்களுக்குப் பங்கில்லாமற்போன மனத்தாங்கலைச் சொல்லிய பின்பே இசைந்தார்கள். யாக்கோபுக்கு அது திரும்பிச் செல்லுதல். அவர்களுக்கோ பிறந்த ஊரை விட்டுப் புறப்படுதல்.

உங்கள் சொந்த ஊர் உங்கள் மனைவிக்கு மாமியார் ஊர். அவர்கள் வேரூன்றியது இங்கே: பெண்கள் ஐக்கிய சங்கம், அடுத்த வீட்டுத் தோழி, பல ஆண்டுகளாய் இரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவர். ஆகையால் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுமுன் அவர்களிடம் கேளுங்கள். 'வேண்டாம்' என்ற பதிலுக்கும் ஆயத்தமாயிருங்கள்.

குருமனையை விட்டுப் புறப்படும் நாள் எனக்கும் தூரத்தில் இல்லை. என் மனைவியிடம் நானும் இன்னும் கேட்கவில்லை, இவ்வாரம் கேட்கப்போகிறேன்.