மாநகராட்சி என்ற பட்டமும் மூன்று மா நஞ்சையும்

எங்கள் பக்கத்தில் யாராவது நாலு பேர் டீக்கடையில் கூடினால் இப்போது பேச்சு ஒன்றுதான். "உங்க ஊரையும் மாநகராட்சியில சேக்கப் போறாங்களாமே?" கேட்பவர் முகத்தில் பாதி பெருமை, பாதி பயம். பெருமை மனை வைத்திருப்பவருக்கு. பயம் யாருக்கு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றிய அலுவலகங்களில் குப்பை கொட்டியவன் நான். ஊராட்சிக் கணக்கு, குடிநீர்த் தொட்டி, வீட்டு வரி ரசீது, கிராம சபைத் தீர்மானம் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. அதனால் ஊராட்சிகள் எல்லாம் தேவலோகம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நடக்கும் கூத்தை உங்களைவிட நான் அதிகம் பார்த்தவன். ஆனாலும் சொல்கிறேன்: டெல்டாவில் ஊரை ஊராக இருக்க விடாமல் மாநகராட்சிப் பலகை மாட்டத் துடிக்கும் இந்த வேகம் தவறு. ஊராரைக் கேட்காமல் செய்வது அதைவிடத் தவறு.

முதலில் ஒரு ஊர் எப்படி மாநகராட்சி ஆகிறது என்று பார்ப்போம். மக்கள்தொகை இத்தனை லட்சத்தைத் தொட்டால் தானாக ஆகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதில் 243 க்யூ என்று ஒரு பிரிவு. மாறிவரும் பகுதி, சிறிய நகரம், பெரிய நகரம் என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். எது எந்தப் படி என்பதை மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சி வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் இருப்போர் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம், இன்னும் பொருத்தமாகப் படும் காரணங்கள் இவற்றைப் பார்த்து ஆளுநர் அறிவிக்கலாம். ஆளுநர் என்றால் நடைமுறையில் மாநில அரசு. அரசியல் சட்டம் எண்ணிக்கை எதையும் குறிப்பிடவில்லை. ஊராரின் சம்மதம் என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் கிடையாது.

அந்த நாலாவது அளவுகோலை இன்னொரு முறை படியுங்கள். விவசாயம் அல்லாத வேலை. அதாவது எத்தனைக்கெத்தனை நாற்றங்காலை விட்டு வெளியேறுகிறோமோ அத்தனைக்கத்தனை நாம் நகரத்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் 75 சதவீதம் விவசாயத்துக்கு வெளியே. இவை மூன்றும் இருந்தால் அது நகரம். ராஜஸ்தான் பாலைவனத்து ஊருக்கு இந்த அளவு சரியாக இருக்கலாம். ஆயிரம் ஆண்டாகச் சோறு போட்ட மண்ணில், நெல் விளைவது ஏதோ இன்னும் வளராததன் அடையாளம் என்று எழுதி வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

சோழர் கல்வெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு "ஊர்" என்றால் குடியானவர்கள் கூடிய அவை. "சபை" என்றால் பிரமதேயத்தார் அவை. "நகரம்" என்றால் வணிகர்கள் கூடிய அவை. கூடி முடிவெடுத்த ஆட்களுக்குத்தான் அந்தப் பெயர்கள். தலையை எண்ணிப் பட்டம் கொடுக்கிற வழக்கம் பிறகு வந்தது. (அந்த அவைகளில் உழுத கூலிக்கு இடம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லைதான். அந்தப் பொற்காலத்தைத் திருப்பிக் கேட்பது என் நோக்கம் இல்லை.) சோழன் தலைநகராக இருந்த பழையாறை கும்பகோணம் பக்கத்தில் இன்று கிராமம். கங்கைகொண்ட சோழபுரமும் கிராமம்தான். அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிட்டதா என்ன?

சரி, நம் தஞ்சைக்கு வருவோம். தஞ்சாவூரும் கும்பகோணமும் 1866இலேயே நகராட்சி ஆனவை. தஞ்சை 2014இல் திண்டுக்கல்லோடு சேர்ந்து மாநகராட்சி ஆனது. பரப்பு சுமார் 36 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கில் மக்கள் இரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரம் சொச்சம். பட்டம் வந்தது, ஆணையர் வந்தார். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் எப்போது? 2022 பிப்ரவரி 19. ஐந்து வருடத்துக்கு மேல் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் தனி அலுவலர் கையில் ஊர் இருந்தது. மாநகரம் என்ற பெயர் மட்டும் ஒரு நாளும் குறையவில்லை.

கும்பகோணம் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் வருடக்கணக்காகக் கேட்டது தனி மாவட்டம். கடையடைப்பு, ஊர்வலம் எல்லாம் நடந்தது. 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் ஆகிவிட்டது. மறு வருடம் கும்பகோணத்துக்குக் கிடைத்தது மாநகராட்சி, தாராசுரம் பேரூராட்சியையும் சேர்த்துக்கொண்டு. நகராட்சியாக இருந்தபோது அதன் பரப்பு பதின்மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011இல் மக்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கேட்டது மாவட்டம், கிடைத்தது மேயர். (முதல் மேயராக வந்தவர் ஆட்டோ ஓட்டியவர். அதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.) அந்த ஒரே வருடத்தில் தாம்பரம், காஞ்சிபுரம், கரூர், கடலூர், சிவகாசிக்கும் சேர்த்து ஆறு அறிவிப்பு. 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி. மொத்தம் 25 ஆகிவிட்டது. 1688இல் சென்னை தொடங்கி 1994 வரைக்கும் ஆறே ஆறுதான் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் அண்ணன் மகன் கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டன் பக்கம் இருக்கிறான். அவனிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, "சித்தப்பா, இங்க எங்க பக்கத்துல ஷெர்வுட் பார்க்னு ஒரு இடம். எழுபதாயிரம் பேர். சட்டப்படி அது இன்னும் குக்கிராமம்" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். விசாரித்தால் உண்மைதான். அந்த மாகாணத்தில் 10,000 பேர் சேர்ந்தால் ஒரு ஊர் நகரத் தகுதி கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓகோடோக்ஸ், காக்ரேன் என்று இரண்டு ஊர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டியும் "நாங்கள் டவுனாகவே இருந்துகொள்கிறோம்" என்று உட்கார்ந்திருக்கின்றன. எண்ணெய் மணலுக்குப் பேர்போன போர்ட் மக்மர்ரி 1980இல் நகரம் ஆகி, 1995இல் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றுவட்டாரத்தோடு ஒரே உள்ளாட்சியாகச் சேர்ந்துகொண்டது. வானம் இடிந்து விழவில்லை. இங்கிலாந்தில் இன்னும் தமாஷ். ராச்செஸ்டர் என்ற பழைய நகரம் 1998இல் உள்ளாட்சிகளை இணைத்தபோது ஒரு சம்பிரதாயத்தைச் செய்ய மறந்ததால் நகரப் பட்டத்தையே இழந்தது. சில வருடம் யாரும் கவனிக்கக்கூட இல்லையாம்!

அவர்கள் ஊரில் பட்டம் வேண்டுமா என்பது ஊராரின் பேச்சாகவும் இருக்கிறது. இங்கே? சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு. பிறகு அரசாணை. ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒரு அறிவிக்கை. அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டியவன் நான். ஆட்டுக்குட்டி தின்றது போக மிச்சத்தை யாராவது படித்திருந்தால் அதிசயம். இப்போது கூடுதல் விசேஷம் ஒன்று. தஞ்சை மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. தனி அலுவலர் வந்துவிட்டார். இணைக்கலாமா என்று கேட்கும் நேரத்தில் பதில் சொல்லத் தலைவரே கிடையாது. ஜனங்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு பஸ் ஏறுவதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்?

யாருக்குப் பயம் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு. 2005இல் சட்டமாக வந்த அந்த வேலை ஊரகத்துக்கு மட்டும். எந்தப் பெயரில் மாற்றி எழுதினாலும் ஊரகத்துக்கு மட்டும்தான். எல்லைக்கோடு தாண்டிய மறுநாள் அட்டை செல்லாது. நகர்ப்புறத்துக்கும் ஒரு வேலைத்திட்டம் மாநிலத்தில் உண்டு என்பார்கள். அது ஒதுக்கீடு இருந்தால் நடக்கும் திட்டம். சட்டம் தந்த உரிமையும் அதுவும் ஒன்றாகுமா? குறுவை நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்த பிறகு இந்த ஜனங்களுக்குக் கையில் காசு பார்க்க வைத்தது அந்த அட்டைதான். அதைப் பிடுங்கிவிட்டு "இனிமேல் நீங்கள் மாநகரவாசி" என்றால் அவர்கள் அந்தப் பட்டத்தை வைத்து என்ன உலை வைப்பார்கள்?

அப்புறம் வரி. 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் 100 சதவீதம். டெல்டாவில் ஒரு ஊர், பெயர் வேண்டாம், சில வருடம் முன்னால் பக்கத்து நகரத்தோடு சேர்ந்தது. என் சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். வரிக் கேட்பு முறையாக வந்தது. பாதாளச் சாக்கடை வரவில்லை. குப்பை வண்டி வாரத்துக்கு ஒரு தடவை தலைகாட்டும். முன்பெல்லாம் தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சண்டை போடுவார். இப்போது ஐம்பது பேரில் ஒருவராக இருக்கும் கவுன்சிலரைத் தேடுகிறார். கிராம சபையும் போயிற்று. வருடத்துக்கு ஆறு நாள், கணக்கைக் காட்டு என்று எழுந்து நின்று கேட்கும் உரிமை அது. நகரங்களில் பகுதி சபை என்று 2022இல் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை வாய்க்கால். காவிரி, வெண்ணாறு, அதிலிருந்து பிரிகிற ஆறு, அப்புறம் ஏ வாய்க்கால், பி வாய்க்கால் என்று வயல் மடை வரைக்கும் ஒரு நரம்பு மண்டலம். ஒரு வாய்க்கால் ஊருக்குள் அகப்பட்டதும் அது சாக்கடை. அதன்பின் கான்கிரீட் மூடி. அதன்பின் மேலே கடை. நடுவில் ஓரிடத்தில் அடைத்தால் கடைமடையில் இருப்பவன் மூன்று மாவும் தரிசு. அவன் வீடு எல்லைக்கு வெளியே நாலு மைலில் இருக்கும். அவனிடம் ஆட்சேபணை கேட்டவர் யார்? 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்தபோது நானும் கை தட்டினேன். எண்ணெய்க் கிணறு, தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை எல்லாம் கூடாது என்றது. நல்லது. மனைப்பிரிவு கூடாது என்று அந்தப் பட்டியலில் இல்லை. நஞ்சையைத் தின்பது இன்று எது என்று புறவழிச்சாலையில் ஒரு தடவை போய் வந்தால் தெரியும். கல் நட்டு, கொடி கட்டி, "அருள்மிகு" யாராவது ஒரு சாமி பேரில் ஒரு நகர்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நாஞ்சிக்கோட்டை, விளார், நீலகிரி பக்கமெல்லாம் வீடுகள் நெருங்கிவிட்டன. அங்கே குடியேறிய ரிட்டையர்டு ஆட்களில் என் நண்பர்களும் உண்டு. "ஊராட்சியால் சாக்கடை கட்ட முடியாது, எங்களுக்கு மாநகராட்சிதான் வேண்டும்" என்கிறார்கள். நியாயம். தெருவெல்லாம் கழிவுநீர் ஓடும்போது சோழர் கல்வெட்டு பேசிப் பயனில்லை. அந்தத் தெருக்களைச் சேர்க்கட்டும். ஊராட்சி முழுவதையும், வயலையும் களத்தையும் காலனித் தெருவையும் மொத்தமாக வாரிச் சுருட்டுவது எதற்கு? நில அளவைப் படம் இருக்கிறது, புல எண் இருக்கிறது, கோடு எங்கே போட வேண்டும் என்று ஒரு சர்வேயரைக் கூப்பிட்டால் அரை நாளில் காட்டிவிடுவார். முழு ஊராட்சியாக எடுத்தால் மக்கள்தொகையும் வருமானமும் கணக்கில் ஏறும், மானியம் ஏறும். அதற்காகத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னால்கூட மரியாதையாக இருக்கும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. தேர்தல் நடத்தி ஊராட்சியில் ஆள் உட்காரும்வரை எந்த இணைப்பும் வேண்டாம். இணைக்கும் முன் கிராம சபை கூடி ரகசிய வாக்கெடுக்கட்டும், அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்தட்டும். சேர்கிற தெருவில் குழாய் புதைத்து முடித்த பிறகு நகர வரி கேட்கட்டும். பாசன வாய்க்கால் எந்த எல்லைக்குள் வந்தாலும் நீர்வளத்துறையின் கையிலேயே இருக்கட்டும். நூறு நாள் அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு பத்து வருடமாவது அந்த உரிமை தொடரட்டும்.

அடுத்த கிராம சபைக்கு வயதைக் காரணம் காட்டாமல் நம்மவர்கள் போக வேண்டும். தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கையெழுத்து வாங்குவார்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் போடுங்கள்.