கோடு போட்டது யாரு? ஒரு அமெரிக்கப் புறநகர்ப் பள்ளியின் கணக்கு



"அமெரிக்கால எல்லாரும் கவர்மென்ட் ஸ்கூல்லதான் பிள்ளைங்கள சேர்க்கிறாங்க. டாக்டர் பிள்ளையும் அங்கதான், டிரைவர் பிள்ளையும் அங்கதான். நம்ம ஊர்ல ஏன் முடியல?"

இப்படி ஒரு வாட்ஸ்அப் பதிவு உங்களுக்கும் வந்திருக்கும். அதுல முதல் பாதி உண்மை. அமெரிக்காவில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில்தான். காசு கட்ட வேண்டாம், மஞ்சள் பஸ் வீட்டுப் பக்கமே வந்து ஏத்திக்கிட்டுப் போகும். ஆனா டாக்டர் பிள்ளையும் டிரைவர் பிள்ளையும் ஒரே பள்ளியில் உட்காருவாங்களா? அதுக்கு ரெண்டு பேரும் ஒரே கோட்டுக்குள்ள குடியிருக்கணும். அந்தக் கோட்டைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல அமைப்பைப் புரிஞ்சுக்குவோம். அங்கே பள்ளிகளை நடத்துவது வாஷிங்டனும் இல்ல, பெரும்பாலும் மாநில அரசும் நேரடியா நடத்துறதில்ல. நாடு முழுக்க சுமார் 13,000 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' இருக்கு. நம்ம மாவட்டம் மாதிரி பெருசுன்னு நினைச்சுடாதீங்க. சில இடத்துல ஒரு புறநகர், நாலஞ்சு பள்ளிக்கூடம், அவ்வளவுதான் ஒரு டிஸ்ட்ரிக்ட். அதுக்குன்னு தனி எல்லை, தனி நிர்வாகம், பல மாநிலங்களில் தனி வரி.

டிஸ்ட்ரிக்டை நடத்துவது ஸ்கூல் போர்டு. பெரும்பாலான இடங்களில் மக்களே ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறாங்க. அந்த போர்டு ஒரு சூப்பரின்டென்டென்ட்டை வேலைக்கு வைக்கும். அன்றாட நிர்வாகம், தலைமையாசிரியர் நியமனம், பட்ஜெட் தயாரிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. போர்டு கூட்டம் பொதுமக்கள் முன்னால நடக்கும். யார் வேணும்னாலும் போய் உட்காரலாம், எழுந்து நின்னு கேள்வி கேட்கலாம். புதுசா கட்டடம் கட்டக் கடன் வாங்கணும்னா பல மாநிலங்களில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தணும். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகணும்னு வரைபடம் போடுறதும் இந்த போர்டுதான்.

கேட்கவே நல்லா இருக்குல்ல? நல்லாத்தான் இருக்கு. ஊர்ப் பள்ளியை ஊர் மக்களே கண்காணிப்பதில் குறை சொல்ல ஒண்ணுமில்லை. பணம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கும்போதுதான் சங்கதி வேற மாதிரி ஆகுது.

பணத்தில் ஒரு பங்கை மாநில அரசு தரும், மத்திய அரசு கொஞ்சம் தரும். இன்னொரு பெரிய பங்கு அந்த டிஸ்ட்ரிக்டே திரட்டுவது. அதில் பெரும்பகுதி சொத்து வரி. அதாவது கோட்டுக்குள்ள இருக்கிற வீடு, கடை, தொழிற்சாலை எவ்வளவு மதிப்போ, அந்த அளவுக்குத்தான் பள்ளிக்கு வருமானம். பங்களா நிறைஞ்ச ஊருன்னா பள்ளி செழிக்கும். கூலித் தொழிலாளி குடியிருக்கிற ஊருன்னா?

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளுக்கு இது நல்லாவே தெரியும். வீடு பார்க்கும்போது வீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடியே "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?"னு கேட்பாங்க. நல்ல டிஸ்ட்ரிக்ட்னா வீட்டு விலை ஏறும். விலை ஏறினா வரி வருமானம் ஏறும். வருமானம் ஏறினா பள்ளி இன்னும் நல்லாகும். அந்தச் சக்கரத்துக்குள்ள நுழையக் காசு உள்ளவங்களாலதான் முடியும். கட்டணம் இல்லாத பள்ளிதான், ஆனா கட்டணத்தை வீட்டு விலையில் வசூலிச்சுடறாங்க.

இதை வெறும் வாய்ப்பேச்சா சொல்லல. அமெரிக்க உச்ச நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிற ஒரு கணக்கைப் பார்ப்போம்.

டெக்சாஸ் மாநிலம், சான் அன்டோனியோ நகரம். அந்த வட்டாரத்தில் ரெண்டு டிஸ்ட்ரிக்ட். ஒண்ணு எட்ஜ்வுட். சுமார் 22,000 பிள்ளைகள், 25 பள்ளிகள். பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் மெக்சிகோ வம்சாவளியினர், உழைக்கும் குடும்பங்கள். இன்னொண்ணு அலமோ ஹைட்ஸ். சுமார் 5,000 பிள்ளைகள், ஆறே ஆறு பள்ளிகள். பெரும்பாலும் வெள்ளையர், வசதியான குடியிருப்பு.

1967-68 கல்வியாண்டு. எட்ஜ்வுட் மக்கள் தங்கள் சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினாங்க. அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். அதாவது ஏழைதான் அதிக விகிதத்தில் வரி கட்டினான். பலன்? மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டால் தன் பிள்ளை ஒண்ணுக்கு மேற்கொண்டு கொடுக்க முடிஞ்சது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் கொடுத்தது 333 டாலர்!

ஏன் இந்த வித்தியாசம்? எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். காலி டப்பாவை எவ்வளவு குலுக்கினாலும் சில்லறை விழாதே!

மாநில அரசு இந்தப் பள்ளத்தை நிரப்பியதா? எட்ஜ்வுட் பிள்ளைக்கு 222 டாலர் கொடுத்தது. அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 225 டாலர் கொடுத்தது. வசதியான பக்கத்துக்கு மூணு டாலர் கூடுதல்! மத்திய அரசு உதவியையும் சேர்த்தா எட்ஜ்வுட்டில் பிள்ளைக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸில் 594 டாலர்.

இது வெறும் எண் இல்ல தோழர்களே. எட்ஜ்வுட் ஆசிரியர்களில் 47 சதவீதம் பேர் முழுத் தகுதி இல்லாம, அவசர அனுமதியில் பாடம் நடத்தினவங்க. அலமோ ஹைட்ஸில் அது 11 சதவீதம். 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணிச்சுட்டு வெளியே வந்தாங்க. தகுதியுள்ள ஆசிரியர் வேணும், கட்டடத்தைச் சரி பண்ணுங்கன்னு ஊர்வலம் போனாங்க. பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோரும் கிளம்பினாங்க. அதில் ஒருத்தர் டிமெட்ரியோ ரோட்ரிகஸ். விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை பார்த்த தொழிலாளி, முன்னாள் படைவீரர். நாட்டுக்காகச் சீருடை போட்ட மனுஷன், தன் பிள்ளையின் பள்ளிக்காக அந்த மாநிலத்தின் மேலேயே வழக்குப் போட்டார்.

1971-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயிச்சார். 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். தீர்ப்பை எழுதினவர் நீதிபதி லூயிஸ் பவல். அவர் முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர். அமெரிக்க அரசமைப்பில் கல்வி அடிப்படை உரிமை கிடையாது, ஊர்களுக்குத் தங்கள் பள்ளியை நடத்தும் சுதந்திரம் வேணும் என்பதுதான் வாதத்தின் சாரம்.

சுதந்திரமா? யாருக்குச் சுதந்திரம்? மாற்றுத் தீர்ப்பு எழுதின நீதிபதி பைரன் வைட் ஒரு கணக்கை எடுத்து வெச்சார். அந்த வட்டாரத்திலேயே அதிகமா வசூலிக்கிற டிஸ்ட்ரிக்டுக்குச் சமமா எட்டணும்னா, அலமோ ஹைட்ஸ் 100 டாலருக்கு 68 சென்ட் வரி போட்டாலே போதும். எட்ஜ்வுட் 5 டாலர் 76 சென்ட் போடணும். ஆனா மாநிலச் சட்டம் அனுமதிச்ச உச்சவரம்பே 1 டாலர் 50 சென்ட்தான்! அதாவது எட்ஜ்வுட் மக்கள் வயித்தைக் கட்டி வரி கட்டத் தயாரா இருந்தாலும் சட்டம் விடாது. கையையும் கட்டிப் போட்டுட்டு, "உன் பள்ளி உன் விருப்பம்"னு சொன்னா அதுக்குப் பேர் சுதந்திரமா?

அடுத்த வருஷமே இன்னொரு அடி. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் திட்டமிட்டுப் பிரிச்சு வெச்சது நீதிமன்றத்தில் நிரூபணமாச்சு. வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்துட்டிருந்த காலம். நகரத்துக்குள்ள மட்டும் தீர்வு தேடினா நடக்காதுன்னு, சுத்தியிருந்த 53 புறநகர் டிஸ்ட்ரிக்ட்டுகளையும் சேர்த்துத் திட்டம் போடச் சொன்னது கீழ் நீதிமன்றம். 1974-ல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளுபடி பண்ணிடுச்சு. மறுபடியும் ஐந்துக்கு நான்கு. புறநகர்கள் தப்பு செஞ்சதா நிரூபிக்காம அவற்றின் எல்லையைத் தாண்டக் கூடாதாம். ரெண்டு வழக்கிலும் எதிர்த்து எழுதினவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

"சரி, அந்த நாட்டு வழக்கம் அப்படி"ன்னு விட்டுட முடியாது. அதே நாட்டிலேயே கோட்டை வேற மாதிரி போட்ட இடங்களும் இருக்கு. ஹவாய் மாநிலம் முழுக்க ஒரே ஒரு டிஸ்ட்ரிக்ட். ஃபுளோரிடாவில் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு டிஸ்ட்ரிக்ட், மொத்தம் 67. மேரிலாந்தின் மாண்ட்கோமரி, வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் எல்லாம் வாஷிங்டனைச் சுத்தியிருக்கிற பெரிய புறநகர்ப் பகுதிகள். அங்கேயும் கவுன்ட்டி முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட். பணக்காரத் தெரு, ஏழைத் தெரு ரெண்டின் வரியும் ஒரே உண்டியலில்தான் விழும். அங்கேயும் பள்ளிக்குப் பள்ளி ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யுது. ஆனா ஒரு குட்டி ஊர் தன் பணத்தைச் சுத்திச் சுவர் எழுப்பிக்க முடியாது. கோடு கடவுள் போட்டதில்ல. மனுஷன் போட்டது, மனுஷனால மாத்த முடியும்.

எட்ஜ்வுட் மக்களும் விடல. 1984-ல் மாநில நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1989-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதா அவங்க பக்கம் நின்னது. சட்டமன்றம் ரெண்டு தடவை அரைகுறையாச் சட்டம் போட்டு, ரெண்டும் நீதிமன்றத்தில் அடிபட்டது. கடைசியில் 1993-ல் வசதியான டிஸ்ட்ரிக்ட்டுகள் தங்கள் வரியில் ஒரு பகுதியைப் பகிரணும்னு சட்டம் வந்தது. அதுக்கு மக்கள் வெச்ச பட்டப்பெயர் 'ராபின் ஹூட்'. 1995-ல் நீதிமன்றமும் ஏத்துக்கிட்டது. ரோட்ரிகஸ் வழக்குப் போட்டு அதுக்குள்ள 27 வருஷம் ஓடிப்போச்சு. அந்தப் பிள்ளைகளின் பள்ளிப் பருவம் திரும்ப வருமா?

இதை ஏன் இங்கே இவ்வளவு விரிவா எழுதறோம்?

ஏன்னா, "அந்தந்த ஊர்ப் பள்ளியை அந்தந்த ஊரே பார்த்துக்கட்டும், அரசு எதுக்கு?"ன்னு இங்கேயும் சிலர் பேசறாங்க. அமெரிக்காவை உதாரணமும் காட்டறாங்க. பக்கத்தில் பெரிய கம்பெனி இருக்கிற ஊருக்கு நன்கொடை வரும். விவசாயக் கூலி மட்டுமே இருக்கிற ஊருக்கு யார் கொடுப்பாங்க? முன்னாள் மாணவர்கள் பள்ளிக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுப்பது நல்ல மனசு, கையெடுத்துக் கும்பிடுவோம். ஆனா அந்த நல்ல மனசைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவக் கூடாது. அது எந்த அரசா இருந்தாலும் சரி.

இன்னிக்கு தாம்பரத்தில் பாடம் நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும், தர்மபுரி மலைக் கிராமத்தில் நடத்தும் ஆசிரியருக்கும் ஊதிய விகிதம் ஒண்ணுதான். சம்பளம் அந்த ஊர்ச் சொத்து வரியை நம்பி இல்ல, மாநிலக் கருவூலத்திலிருந்து வருது. இதை நாம சாதாரணமா எடுத்துக்கறோம். இதுக்காக ஒரு தலைமுறையே நீதிமன்றப் படி ஏறின நாடு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இதன் அருமை புரியும். 2002-ல் வந்த 86-வது திருத்தத்தின்படி, 6 முதல் 14 வயது வரை கல்வி நம்ம அரசமைப்பில் அடிப்படை உரிமை. ரோட்ரிகஸுக்கு இல்லாமப் போன ஆயுதம் நம்ம கையில இருக்கு.

அதே நேரம், அவங்ககிட்டேயிருந்து கத்துக்க வேண்டியதும் இருக்கு. பட்ஜெட்டை மக்கள் முன்னால வெச்சுப் பேசறது, பெற்றோர் எழுந்து நின்னு கேள்வி கேட்கறது. நமக்கும் அந்த வழி சட்டத்திலேயே இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சுட்டு வர்ற கூட்டமா அதை ஆக்கிடாதீங்க. எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, கழிப்பறைக்குத் தண்ணி வருதா, ஒதுக்கின பணம் எங்கே போச்சு? கேளுங்க. தீர்மானத்தில் எழுத வைங்க.

பள்ளியைக் கண்காணிக்கும் அதிகாரம் ஊர்கிட்ட இருக்கட்டும். பள்ளிக்கான பணம் எல்லாருடைய பொது உண்டியலில் இருக்கட்டும். இந்த ரெண்டில் எதை யார் பிடுங்க வந்தாலும் எதிர்த்து நிப்போம்.

அடுத்த தடவை அந்த வாட்ஸ்அப் பதிவு வந்தா, இந்தப் பதிவை அனுப்பி வைங்க. கூடவே ஒரே ஒரு கேள்வியும் கேளுங்க: "அந்தப் பள்ளி நல்லாத்தான் இருக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளி எப்படி இருக்கு?"

#பொதுக்கல்வி #அரசுப்பள்ளி_நம்_உரிமை